சத்தம் எந்தப் பக்கம்

என் வேலை என்னவென்று கேட்டுவிட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. அடுத்தவர்கள் வாயைத் திறக்கும்போது காதோரத்தில் வருகிற 'டக்' சத்தத்தைக் கேட்டு எழுதுவது என் வேலை. பல் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், தாடை மூட்டுப் பிரிவில், பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கொட்டாவி விட்டால் டக் என்கிறவர்கள், மெல்லும்போது மணலை அரைக்கிற மாதிரி கரகரவென்று கேட்கிறவர்கள், காலையில் எழுந்தால் வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காமல் பூட்டிக்கொண்டவர்கள், எல்லோரும் முதலில் என்னிடம்தான் வருவார்கள்.

பெரிய டாக்டர் என்னைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார். "காது பாத்தாச்சா?" "காது சொன்னா சரிதான்." வெளியிலிருந்து வருகிற டாக்டர்களிடம்கூட, "இவங்கதான் எங்க பிரிவோட காது" என்பார். வெளியே பார்த்தால் நான் சும்மா தலையாட்டுவேன். உள்ளே எனக்குத் தலைகால் புரியாது.

என்னுடைய கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது. இரண்டு பழைய ஸ்டெதாஸ்கோப்பை வெட்டி ஒட்டி நானே செய்தது. நோயாளியின் தலைமாட்டில், நாற்காலிக்குப் பின்னால் உட்காருவேன். வலது மூட்டில் ஒரு வட்டு, இடது மூட்டில் ஒரு வட்டு. வலதின் குழாய் என் வலது காதுக்கு வரும், இடதின் குழாய் இடது காதுக்கு. எந்தக் காதில் சத்தம் பெரிதோ அந்தப் பக்கத்து மூட்டில் கோளாறு. தாடை எலும்பு ஒன்றுதானே, ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கத்துக்கும் ஓடிப்போய்க் கேட்கும். படித்த டாக்டர்களே இதில் ஏமாந்து பக்கத்தை மாற்றிச் சொல்லிவிடுவார்கள். நான் மாற்றிச் சொன்னதில்லை. நோயாளியின் தாளில் கடைசியாகப் 'பக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வலது, இடது என்று எழுதிக் கையெழுத்துப் போடும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. பெரிய டாக்டர்கூட அந்தக் கட்டத்தில் பேனா வைக்கமாட்டார்.

அப்படியிருந்த இடத்துக்குத்தான் அவள் வந்தாள்.

பிசியோதெரபி படித்தவள், இருபத்தேழு வயது. இரண்டு காதிலும் மெஷின். மெஷின் வைத்தும் பாதிதான் கேட்கும், மீதியை எதிராளியின் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். சத்தம் கேட்கிற பிரிவில் காது கேட்காத பெண்ணைப் போட்டிருக்கிறார்களே என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பாவமாக இருந்தது. என் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினேன். நான்கை எடுத்துக்கொண்டு கறக்முறக்கென்று அந்த மாடிக்கே கேட்கிற மாதிரி மென்றாள். அவள் மெல்லுகிற சத்தம் அவளுக்குத் தெரியாது. நான் பாவம் பார்த்தது அந்த பிஸ்கட்டோடு சரி.

இரண்டாவது வாரம் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "இந்தப் பொண்ணு புதுசா ஒண்ணு பண்ணுது. வந்து பாரு."

நாற்காலியில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியில் நூல் ஒன்றை ஒட்டி, மூக்கு நுனி வழியாகக் கீழே தொங்கவிட்டு, நூலின் முனையில் ஒரு குட்டி எடையைக் கட்டியிருந்தாள் அவள். முகவாயில் மைப் புள்ளி ஒன்று. நான் பின்னால் உட்கார்ந்தேன், அவள் முன்னால் நின்றாள். அந்த அம்மா வாயைத் திறந்து மூடினார். எனக்குக் கேட்டதை நான் எழுதினேன். வாய் பதினெட்டு மில்லிமீட்டர் திறக்கும்போது டக், மூடும்போது ஆறில் சின்ன டக், வலது. அவள் கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு வரைந்தாள். கோடு நேராகக் கிளம்பி, வலது பக்கமாக வளைந்து, ஓரிடத்தில் வெடுக்கென்று நடுவுக்குத் திரும்பியது. அந்தத் திருப்பத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, பக்கத்தில் பதினெட்டு என்று எழுதியிருந்தாள்.

பெரிய டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எப்படிம்மா?"

"மூட்டுக்குள்ள ஒரு குட்டி மெத்தை இருக்குல்ல சார், அது முன்னால நழுவிப் போயிருக்கும். வாயைத் தொறக்கும்போது அந்தப் பக்கத்து எலும்பு அதுமேல ஏற முடியாம பின்தங்கும். அதான் முகவாய் அந்தப் பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது. எலும்பு குதிச்சு மெத்தை மேல ஏறின உடனே நேரா வந்துடும். அந்தக் குதிப்புதான் அக்காவுக்கு டக்குனு கேக்குது. எனக்குத் தெரியுது, அவ்வளவுதான்."

"அது சரி, இவ்வளவு நுணுக்கமா எப்படித் தெரியுது?"

"நாலு வயசுலேருந்து எல்லார் வாயையும் பாத்துக்கிட்டேதானே சார் இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய டாக்டர் அவள் தோளைத் தட்டி, "பிரமாதம் கண்ணு" என்றார். அன்றிலிருந்து அவள் பெயரே கண்ணு ஆகிவிட்டது. நான் காது, அவள் கண்ணு. ஊரில் எந்தக் குழந்தையையாவது யாராவது காது, காது என்று கொஞ்சிப் பார்த்திருக்கிறீர்களா?

எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. ஜன்னலோர மேஜை அவளுக்குப் போனது. நோயாளிகள் அவள் வரைந்த கோட்டை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் கேட்ட சத்தத்தை யார் படம் பிடிக்க முடியும்? என்னிடம் வந்தவர்கள் பன்னிரண்டு வருடமாக நன்றி சொன்னார்கள். அவளிடம் வந்தவர்கள், "அட, என் தாடையா இது!" என்று வாயைப் பிளந்தார்கள். பிளந்த வாயையும் அவள் விடாமல் அளந்தாள்.

ஒரு நாள் டோக்கன் கொடுக்கிற அம்மாவிடம் மனதிலிருந்ததைக் கொட்டினேன். "காது கேக்காதவ வந்து சத்தத்தைப் பாக்குறாளாம். நாளைக்குக் கண்ணு தெரியாதவனைக் கூட்டிட்டு வந்து எக்ஸ்ரே பாக்கச் சொல்வாங்க." டோக்கன் அம்மா சிரிக்கவில்லை. எனக்குப் பக்கவாட்டில் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். நடுவில் கனமான கண்ணாடி, ஒரு சத்தமும் போகாது. ஆனால் அதன் வழியாக என் முகம் அவளுக்கு அப்படியே தெரிந்திருக்கிறது, என் வாயும்தான்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "சுத்தமா கேக்காதுன்னு இல்லக்கா. லாரி ஹாரன் கேக்கும். எங்க அம்மா திட்டுனா கேக்கும்." பிறகு என் முகத்தையே பார்த்து, "பல்லைக் கடிக்காதீங்க. உங்களுக்கும் மூட்டு போயிடும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருப்பேன், அவள் வைத்தியம் சொல்லிவிட்டுப் போனதுதான் ஆறவில்லை.

அதற்குப் பிறகு அவளிடம் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அவளோ, இடது பக்கம் நின்று கூப்பிட்டு நான் திரும்பாமல் போனால் வலது பக்கமாகச் சுற்றி வந்து பேசுவாள். சொரணை இல்லாதவள் என்று நினைத்தேன்.

இந்த நேரத்தில்தான் ஏலக்காரர் வந்தார். மொத்தக் காய்கறிச் சந்தையில் இருபது வருடமாக ஏலம் கூவுகிறவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொண்டை. ஆறு மாதமாக வாய் திறந்தால் டக் என்கிறது, சில நாள் காலையில் பூட்டிக்கொள்கிறது.

"நேத்து தக்காளி ஏலத்துல பாதியில வாய் நின்னு போச்சும்மா. விலை ஏறிக்கிட்டே இருக்கு, நான் ஆஆன்னு நிக்கிறேன். எவனோ அதையும் ஒரு விலைன்னு நெனச்சு எடுத்துட்டான்" என்றார்.

ஸ்கேன் எடுக்கலாம் என்றால் அவர் குழாய்க்குள் படுத்த அரை நிமிடத்தில் கத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பெரிய டாக்டர் மூட்டுக்குள் ஊசி போட்டுக் கழுவிவிடலாம் என்று முடிவு செய்தார். ஒரு பக்கம் மட்டும். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. நல்ல மூட்டில் ஊசி இறங்கினால் அதுவும் வீங்கி, மனிதர் இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டு நிற்பார். கூவுகிறவருக்கு வாய் போனால் என்ன இருக்கிறது?

நான் கேட்டேன். இருபத்திரண்டு மில்லிமீட்டரில் டக். வலது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் கோடு வரைந்தாள். இருபத்திரண்டில் சிவப்புப் புள்ளி. ஆனால் கோடு இடது பக்கம் வளைந்திருந்தது.

பெரிய டாக்டர் இரண்டு தாளையும் பார்த்து நெற்றியைத் தேய்த்தார். "நல்லாப் பாத்தியா கண்ணு?"

"நாலு தடவை பாத்தேன் சார். இடதுதான்."

"மீசை மறைச்சிருக்கும்" என்றேன் நான்.

"மீசை முகவாய்ல இல்லக்கா" என்றாள்.

பெரிய டாக்டர் கடைசியில் என் தாளை எடுத்து மேலே வைத்தார். "பன்னெண்டு வருஷமா காது தப்பாச் சொன்னதில்ல. வியாழக்கிழமை வலது பக்கம் பண்ணிடலாம். அதுக்கப்புறம் நாம உக்காந்து பேசுவோம். அடுத்த மாசத்துலேருந்து பக்கம் கட்டத்துல யார் எழுதுறதுன்னு ஒரு முடிவுக்கு வரணும்."

அந்தக் கட்டத்தையே அவளுக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறார் என்று புரிந்தது. அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாதவர். "என்ன, யார் மேல கோபம்?" என்று கேட்டார். சொன்னேன். "அந்தப் பொண்ணு உன்னை என்ன பண்ணுச்சு?" என்றார். ஒன்றும் பண்ணவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சலே என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

புதன்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஏலக்காரரை, கண்ணாடித் தடுப்பை ஒட்டியிருந்த என் அறைக்கு நானே அழைத்துப் போனேன். சந்தேகப்பட்டு அல்ல. அவள் கோடு தப்பு என்று எல்லோர் முன்னாலும் நிரூபிக்க என் கையில் இரண்டாவது தாள் ஒன்று வேண்டும் என்றுதான். மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் வலது என்று எழுதிக்கொண்டு போய் அவள் மேஜையில் வைக்க வேண்டும். அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும்.

அவசரத்தில் கருவியைத் திருப்பிப் போட்டுக்கொண்டுவிட்டேன். வலது குழாய் இடது காதில், இடது குழாய் வலது காதில். "தொறங்க" என்றேன். டக். என் வலது காதில்தான் பெரிதாகக் கேட்டது. எழுதப் போகும்போதுதான் குழாயைப் பார்த்தேன். அந்தக் குழாய் இடது மூட்டிலிருந்து வந்தது.

கழற்றிச் சரியாகப் போட்டேன். மறுபடியும் வலது காதில் பெரிதாகக் கேட்டது. இப்போது அது வலது மூட்டு. மறுபடி திருப்பினேன். சத்தம் மூட்டை விட்டு மூட்டுக்குத் தாவியது. எப்படிப் போட்டாலும் என் வலது காதில் மட்டும்தான் பெரிதாகக் கேட்டது. ஏலக்காரர் பாவம், "இன்னும் எத்தனை தடவைம்மா?" என்று கேட்டுவிட்டுத் திறந்து திறந்து மூடினார்.

கடைசியாக ஒரே ஒரு வட்டை எடுத்து, வலது காதால் மட்டும், முதலில் வலது மூட்டைக் கேட்டேன். தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அதே காதால் இடது மூட்டைக் கேட்டேன். மண்டையில் அடிக்கிற மாதிரி விழுந்தது. பிறகு அதையே இடது காதால் கேட்டேன். ஒன்றும் இல்லை, பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது.

"இடதுதான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "என் காது போச்சு."

ஏலக்காரரை அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. காது போனதைவிட, அது யாரிடம் தோற்றுப் போனது என்பதுதான் நெஞ்சை அறுத்தது. பாதிக் காதோடு வளர்ந்தவள் முழு மனுஷியாக நிற்கிறாள். நான் ஊரெல்லாம் காது என்று பேர் வாங்கிவிட்டு, ஒரு பக்கம் அடைந்துபோனதுகூடத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை மாதமாக? எத்தனை தாளில்?

வீட்டுக்குப் போய், வீட்டுக்காரரை என் இடது பக்கம் நிற்கச் சொல்லி, மெதுவாக ஏதாவது பேசச் சொன்னேன். பேசி முடித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். "என்ன சொன்னேன்?" தெரியவில்லை என்றேன். அவர் முகம் மாறியது. "ரொம்ப நாளா நான் இந்தப் பக்கம் உக்காந்து கூப்பிட்டா நீ திரும்பவே மாட்ட. கோபமா இருக்கேன்னு நெனச்சு நானும் பேசாம இருந்துட்டேன்." எங்கள் வீட்டில் கோபத்துக்கும் செவிட்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் வாழ்ந்திருக்கிறேன்.

வியாழன் காலையில் உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று இப்போது சொன்னால் நன்றாக இருக்கும். அது பொய். நான் போட்ட கணக்கு வேறு. மறுபடி பார்த்தேன், இடது என்று தெரிந்தது என்று சொல்லிக் கட்டத்தை மட்டும் மாற்றிவிடுவது. ஏலக்காரர் தப்பிப்பார். என் காது விஷயம் என்னோடு இருக்கும். வெளியில் டாக்டரைப் பார்த்து ஒரு மெஷின், கூந்தலுக்குள் மறைகிற மாதிரி சின்னதாக.

பெரிய டாக்டரின் அறைக்குள் நான் நுழைந்ததும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. மேஜையில் ஏலக்காரரின் தாள். அவளும் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"வா, வா. கண்ணு எல்லாம் சொல்லிடுச்சு. நேத்து நீயே அந்த ஆளை மறுபடி கூப்பிட்டுப் பாத்தியாமே. இடதுன்னு நீயே கண்டுபிடிச்சு, தாள்ல மாத்தச் சொன்னியாம். இதுதாம்மா காது! கையெழுத்துப் போட்டதுக்கப்புறமும் திரும்பப் பாக்குற மனசு எத்தனை பேருக்கு வரும்? நான் யோசிச்சுப் பாத்துட்டேன். பக்கம் கட்டம் உங்கிட்டயே இருக்கட்டும். இந்தா பேனா."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லையே. பிறகு புரிந்தது. கண்ணாடித் தடுப்பு. நான் திருப்பித் திருப்பிப் போட்டதைப் பார்த்திருக்கிறாள். நான் எனக்கு நானே சொல்லிக்கொண்டதையும் படித்திருக்கிறாள். தெரிந்துகொண்டு, காலையில் எனக்கு முன்னால் வந்து, என் தப்பை என் பெருமையாக மாற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஓரமாக நிற்கிறாள்.

எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. கட்டம் என்னுடையது. பேர் என்னுடையது. காது விஷயம் வெளியே வராது. பேனாவை வாங்கி மூன்றெழுத்து எழுதினால் போதும்.

ஆனால் கொடுத்தது அவள். என்னால் கொடுத்திருக்க முடியாததை, போகிற போக்கில், பிஸ்கட் எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டாள். இனி ஒவ்வொரு தாளிலும் நான் கையெழுத்துப் போடும்போது அது அவள் போட்ட பிச்சையாகத்தான் இருக்கும். நல்லவளாக இருக்கும் இடத்தையும் அவளே பிடித்துக்கொண்டால் நான் எங்கே போய் நிற்பது? ஆத்திரத்தில் பல்லைக் கடித்தேன்.

"சார்" என்றேன். "அவ பொய் சொல்றா. நான் எதையும் கண்டுபிடிக்கல. என் இடது காது கேக்கல. எத்தனை மாசமா கேக்கலன்னு எனக்கே தெரியாது. இந்தத் தாள் மட்டும் இல்ல, கொஞ்ச நாளா நான் எழுதின எல்லாத் தாளையும் மறுபடி பாக்கணும். இவ முதல் நாளே இடதுன்னு சொன்னா. இவ சொன்னதுதான் சரி."

பெரிய டாக்டர் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம் நீட்டியிருந்த பேனாவை மெதுவாக அவள் பக்கம் திருப்பினார். அவள் வாங்கி 'இடது' என்று எழுதினாள். என் கண் முன்னால், என் கட்டத்தில்.

ஏலக்காரருக்கு இடது பக்கம் கழுவினார்கள். மரத்துப்போகப் போட்ட ஊசி தெளிவதற்குள்ளேயே வாயைத் திறந்து பார்த்தார். முகவாய் நூலை விட்டு விலகாமல் நேராக இறங்கியது. படுக்கையில் கிடந்தபடியே வெங்காயத்தை ஏலம் விட்டுக் காட்டி நர்ஸைச் சிரிக்க வைத்தார். பெரிய டாக்டர் வராந்தாவில் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு நேர்மையை நான் பாத்ததில்லம்மா" என்றார். எதிர்ப்பட்டவர்களெல்லாம் என்னைக் கும்பிடாத குறை. நான் எதையும் மறுக்கவில்லை.

அவர்கள் போன பிறகு அவளிடம் கேட்டேன். "எதுக்கு அப்படிச் சொன்ன?"

"முன்னால வேலை பாத்த இடத்துல எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்ச உடனே கீழ ஃபைல் அறைக்கு அனுப்பிட்டாங்கக்கா. ரெண்டு வருஷம். அங்க பாக்குறதுக்கு ஒரு வாய்கூட இல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "உங்களையும் அனுப்பிடுவாங்களோன்னு பயந்துட்டேன். நீங்களா போட்டு உடைப்பீங்கன்னு நெனக்கல."

"டாக்டர் சொன்னதைக் கேட்டியா? நேர்மையாம்."

"அவர் நீங்க சொன்னதைக் கேட்டாரு" என்றாள். "நான் உங்க தாடையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு மறைக்க எதுவும் மிஞ்சவில்லை. அவளுக்குக் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. இதைச் சொல்வதற்கு முன்னால் அவள் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து என் வலது பக்கம் நின்றிருந்தாள். அதனால் ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அந்த அக்கறையையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.